வாடிய குறிஞ்சிக்குப் போட்ட சாயம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் சாயம் காய்ச்சுவது எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. எந்தப் பொடி எவ்வளவு, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், பட்டு நூல் கழியை எத்தனை தரம் புரட்ட வேண்டும் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் உங்கள் மேஸ்திரி கத்தியே வரவழைத்துவிடுவார். அவ்வளவும் கைக்கு வந்த பிறகு ஒருவன் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் பேச வந்தேன். அதைச் செய்தவன் நான்.

சரிசெய்தவனும் நான்தான். அந்த இடம் வரும்போது என் பேச்சில் கொஞ்சம் பெருமை தெரியும். வேலையை விட்டு ஓய்ந்து உட்கார்ந்திருப்பவனுக்கு அதற்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் கடைசியில் நான் இந்த நெசவாளர் சங்கத்துச் சாயப்பட்டறைக்கு மேஸ்திரி ஆனபோது எனக்கு வயது முப்பத்திரண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அந்த வயதில் மேஸ்திரி ஆனவர் வேறு யாரும் இல்லை. என் கண்ணுக்கு அப்படி ஒரு பெயர். ஒரு தடவை மதராஸ் கடைக்காரர் ஒருவர் கிளியின் இறகைக் கொண்டுவந்து, கரைக்கு இந்தப் பச்சை வேண்டும் என்றார். மறுநாள் சாயம் ஏறிக் காய்ந்த பட்டின் மேல் அந்த இறகை வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். இந்தக் கதை பெரிய காஞ்சிபுரம் கடைத்தெரு வரைக்கும் போயிற்று. போகிற வழியில் இறகு முழுக் கிளியாகவே மாறிவிட்டது. நானும் மறுக்கவில்லை.

எழுபதாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில் பட்டறை வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை, கையில் மூடி போட்ட தகர டப்பா. பெயர் பெருமாள் என்றும், கொடைக்கானல் மலையில் ஒரு சின்ன ஊருக்குத் தபால்காரர் என்றும் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். மலையில் நடந்து நடந்து இறுகிப்போன கால்கள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"எம் மகளுக்குக் கார்த்திகையில கல்யாணம் வச்சிருக்கேங்க. அவ பொறந்தது குறிஞ்சி பூத்த வருசம். பன்னெண்டு வருசம் கழிச்சு ஒருக்கா பூத்துச்சு. இப்ப மறுபடியும் பூத்திருக்கு. ஆத்தா இல்லாத பிள்ளைங்க. ஒரு தோள்ல தபால் பை, ஒரு தோள்ல அவ, அப்படியே தூக்கிட்டுத் திரிஞ்சு வளத்தேன். முகூர்த்தப் புடவை குறிஞ்சிப்பூ கலர்ல எடுத்துத் தர்றேன்னு அவளுக்குச் சொல்லிப்புட்டேன்."

"மதுரையில கெடைக்கலியா?"

"நாலு கடை ஏறி எறங்கிட்டேங்க. எல்லாரும் ஊதாவ எடுத்துப் போடுறாங்க. ஊதா இல்லீங்க அது. ஒரு கடைக்காரர்தான் சொன்னாரு, இங்க தேடாத, சாயம் போடுற எடத்துக்கே போன்னு."

டப்பாவைத் திறந்தார். ஈரப்பாசி, அதன் மேல் ஈரத்துணி, அதற்குள் இரண்டு கொத்துப் பூ. சின்னச் சின்ன மணிகள் மாதிரி இருந்தன. பஸ்ஸிலும் ரயிலிலும் வந்த அலுப்பில் எல்லாம் தொய்ந்து, ஓரங்கள் பழுத்து, சாம்பல் ஏறிய ஓர் இளம் ஊதாவில் கிடந்தன.

"வாடிப்போச்சுங்க. செடியில இருக்கறப்ப இப்படி இருக்காது. அது வந்து, நாம இப்படித் தள்ளி நின்னு..." என்று ஆரம்பித்தவர், வார்த்தை கிடைக்காமல் கையை மேலே தூக்கிக் காற்றில் ஒரு வளைவு போட்டார்.

"போதும் ஐயா, எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றேன். "வாடின பூவப் பாத்தா வாடாத பூ இன்னா கலருன்னு எனக்குத் தெரியும். நீங்க கவலப்படாம ஊருக்குப் போங்க."

அவர் கையை இறக்கிக்கொண்டார். என் தவறு அங்கேதான் நடந்தது. சாயக் கொப்பரையில் நடந்தது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. பேசிக்கொண்டிருந்த மனிதரை நான் நிறுத்திய அந்த இடத்தில் நடந்தது.

சாயம் போட்டேன். சாம்பலை நீக்கி, ஊதாவைக் கொஞ்சம் தூக்கி, பளபளப்பு வரும்படி செய்தேன். பட்டறையில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பாவுக்கும் ஊடைக்கும், அதாவது நீள நூலுக்கும் குறுக்கு நூலுக்கும், அதே நிறம். கரைக்கு மட்டும் அந்தச் செடியின் இலை மாதிரி ஒரு பச்சை. வழக்கம்போல மூன்று புடவைக்குச் சேர்த்து ஓட்டிய பாவை ஏகாம்பரத்தின் தறிக்கு அனுப்பினேன்.

ஏகாம்பரம் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் சங்கத்தில் கரையும் உடலும் சேருமிடத்தை அவரைப் போல நேராக நெய்தவர் கிடையாது. அவரைப் போல நாக்கு நீண்டவரும் கிடையாது. பாவைத் தறியில் ஏற்றியபோது, "சந்தையில விக்காம வாடிப்போன கத்திரிக்கா மாதிரி கீது மேஸ்திரி" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புரட்டாசியில், செங்கல்பட்டிலிருந்த உறவினர்களுக்குப் பத்திரிகை வைக்க வந்த பெருமாள், அப்படியே காஞ்சிபுரத்துக்கும் வந்தார். அவரை நானே பெருமையோடு ஏகாம்பரத்தின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தறியில் அப்போது இரண்டு முழம் ஓடியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார். கும்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சைக்கிளில் பட்டறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் மனசில் ஏதோ தட்டியது. எத்தனையோ பெண்ணைப் பெற்றவர்கள் தறியில் புடவையைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நெசவாளர் திட்டினாலும் கேட்காமல் ஒரு விரலாவது வைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். இவர் தொடவில்லை. எப்போது முடியும் என்றும் கேட்கவில்லை.

சைக்கிளைத் திருப்பினேன். பஸ் நிலையத்தில் அவர் ஒரு தூணோரம் நின்றிருந்தார்.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க. பிடிக்கலியா?"

"அய்யய்யோ, நல்ல புடவைங்க. நல்ல நெசவு."

"நெசவ விடுங்க. பூ மாதிரி இருக்குதா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புறப்படப்போகிற ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டப்பாவுல இருந்த பூ மாதிரி இருக்குங்க."

என்னை யாரும் அதற்கு முன்போ பின்போ அப்படி அடித்ததில்லை. அவர் அடிப்பதாக நினைத்துச் சொல்லவும் இல்லை.

"கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குது. எனக்கு உங்க மலையக் காட்டுவீங்களா?" என்று கேட்டேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் தலையாட்டினார். ஊருக்கு வரும் வழியை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். தபால்காரரின் எழுத்து, முத்து முத்தாக இருந்தது.

திரும்பி வந்து தறியை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா மேஸ்திரி, வெளையாடறியா?" என்றார் ஏகாம்பரம். "அந்தாளு இப்பதான் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் கேட்டுக்கினுதானே இருந்தேன்."

"அவரு மரியாதைக்குச் சொன்னாரு. நான் போட்ட கலரு தப்பு."

"தப்புன்னு அன்னிக்கே சொன்னனே, கேட்டியா? இப்ப ரெண்டு முழம் நெய்ஞ்சாச்சு."

"அந்த ரெண்டு முழத்த அறுத்துக் குடுங்க. எடுத்துக்கினு மலைக்குப் போறேன்."

அவர் தறிக்குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். "அறுத்தா மூணாவது பொடவைக்குப் பாவு பத்தாது, தெரியுமில்ல? நீ போய் பூ பாத்துட்டு வர்ற வரைக்கும் நானும் என் பொண்டாட்டியும் சொவத்தப் பாத்துக்கினு குந்தணுமா?"

நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே கத்தியை எடுத்து அறுத்து, துண்டை என் மேல் எறிந்தார்.

சங்கச் செயலாளர் இன்னும் எளிதான வழி சொன்னார். "பார்ட்டியே நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டாருபா. ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிக்கினு நெய்யச் சொல்லு. ஒரு பொடவைக்காவ மலை ஏறினவன நான் பாத்ததில்ல."

உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். அவர் சொன்னதை அன்று நான் ஒரு மணி நேரம் யோசித்தேன். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார், சாயம் ஓடவில்லை, பட்டு முதல் தரம். யாரும் என்மேல் குறை சொல்ல முடியாது. மலைக்குப் போனால்தான் நான் தப்பு செய்தேன் என்று ஊருக்குத் தெரியும். கிளி இறகு மேஸ்திரியின் கண் பொய்த்துவிட்டது என்று கடைத்தெருவில் பேசுவார்கள். அந்தப் பயம்தான் முதலில் வந்தது. ஒரு பெண் தன் கல்யாணத்தன்று டப்பாவில் வாடிய பூவைக் கட்டிக்கொண்டு நிற்கப்போகிறாள் என்பது அப்புறம்தான் தோன்றியது. தோன்றியதும் என் சொந்த விடுப்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

செங்கல்பட்டில் ரயில் ஏறி, கொடைரோட்டில் இறங்கி, மலை பஸ் பிடித்து, அதற்கப்புறம் ஆறு மைல் நடை. பெருமாள் தபால் எடுத்துக்கொண்டு போயிருந்தார். வீட்டில் அவருடைய மகள் இருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக வேலை பார்த்தாள். வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "வாங்கண்ணே, வெளிச்சம் இருக்கறப்பவே போயிரலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சோலைக்காட்டைத் தாண்டியதும் புல்வெளிச் சரிவு. சரிவு முழுக்க இடுப்பளவு உயரத்தில் குறிஞ்சிச் செடிகள். இலை தெரியாமல் பூ. தேனீக்களின் சத்தம் நூறு ராட்டை ஒன்றாகச் சுற்றுகிற மாதிரி கேட்டது. நான் உள்ளே இறங்கி, ஒரு பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் பையிலிருந்த துண்டை எடுத்து ஒரு செடியின் மேல் விரித்தேன்.

அவ்வளவு மோசமில்லை. வாடாத பூ இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஆனால் என் துண்டு அதற்கு உறவுக்காரன்தான். எனக்குக் கோபமே வந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன், இதற்காகவா அந்த மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று.

"பாரும்மா, ஏறக்குறைய ஒத்துத்தான் போவுது" என்றேன்.

அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் மேட்டின் மேல் ஏறி நின்றிருந்தாள். "அண்ணே, அங்க நின்னு பாக்காதீங்க. துணிய அங்கனயே விட்டுட்டு இங்க வாங்க."

துண்டைச் செடியின் மேலேயே விட்டுவிட்டு ஓடையைத் தாண்டி மேலே ஏறினேன். திரும்பிப் பார்த்தேன்.

சரிவு முழுவதும் நீலமாக இருந்தது. கையில் வைத்துப் பார்த்தபோது அந்தப் பூவில் இல்லாத நீலம். அதன் நடுவே, யாரோ காயப்போட்டு மறந்துவிட்டுப் போன பழைய துண்டு மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு துணி கிடந்தது. அது என் வேலை.

அவள் சொன்னாள்: "கிட்டப் போனா ஒரு கலரு, தள்ளி நின்னா ஒரு கலருண்ணே. அப்பா டப்பாவுல கிட்டத்துக் கலர மட்டும் கொண்டாந்துட்டாரு. தூரத்த எப்படிக் கொண்டாற முடியும், சொல்லுங்க?"

பெருமாள் அன்று பட்டறையில் கையை உயர்த்திக் காற்றில் போட்ட வளைவு இந்த மலைதான். சொல்ல வந்தவரை நான் விடவில்லை.

இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடத்து நோட்டுகள் திருத்த வேண்டியிருந்தது. மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். மேகம் சரிவின் மேல் ஏறும்போது நீலம் கூடியது. வெயில் அடிக்கும்போது ஊதா மேலே வந்தது. காற்று அடித்தால் ஒரே நேரத்தில் இரண்டும் ஓடின. நான் ஒரே நிறம், ஒரே நிறம் என்று தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் மயில் கழுத்து என்று ஒரு புடவை உண்டு; உங்களுக்குத் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கட்டியவள் அசைந்தால் ஒன்று மறைந்து ஒன்று தெரியும். என் பட்டறையிலிருந்து மாதா மாதம் அதற்குச் சாயம் போகிறது. தினம் செய்கிற வேலை அங்கே மலைமேல் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஞாபகத்துக்கு வந்தது. பூ என்றால் ஒரு நிறம் என்று முதல் நாளே நான் முடிவு கட்டிவிட்டேன். அதற்கப்புறம் கண் எதையும் தேடவில்லை.

பாவு அப்படியே இருக்கட்டும். அது கிட்டத்தில் பார்க்கிற பூ. ஊடைக்கு இந்த மலையைக் கொண்டுபோக வேண்டும்.

பையில் சாயம் போட்ட நூல் முனைகள் ஒரு கத்தை வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகக் கையை நீட்டிப் பிடித்து, எதிர்ச்சரிவின் மேல் வைத்துப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. இரண்டு நீலத்துக்கு நடுவில் எங்கேயோ அது இருந்தது. அந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, வெளிறியதன் பக்கம் இன்னொரு முடிச்சு போட்டேன். வெளிறியதை நோக்கிப் போ என்று எனக்கு நானே எழுதிக்கொண்ட சீட்டு அது.

அன்றிரவு பெருமாள் வீட்டில் சாப்பிடும்போது, "ஐயா, அன்னிக்கு நீங்க சொல்ல வந்தத நான் கேக்கல. என் தப்பு" என்றேன். அவர் சங்கடப்பட்டு, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

நான் ஊர் திரும்பியபோது ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்து ஐப்பசி மழை உங்களுக்குத் தெரிந்ததுதான். நான்கு நாள் சூரியனே இல்லை. கல்யாணத்துக்கு இருந்த நாட்களை எண்ணினால், ஏகாம்பரம் அன்றே தொடங்கினால்தான் நெசவு முடியும். சாயக்காரனுக்கு வெயில் இல்லாவிட்டால் கண் இல்லாத மாதிரி. மழை இருட்டில் நீலம் ஏமாற்றும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

செயலாளர் குடையோடு வந்து நின்றார். "இந்த வெளிச்சத்துல நீலம் போடாத. வெயில் வரட்டும். ஏற்கனவே ஒருமுறை கெடுத்தாச்சு. இன்னொரு தபா கெட்டா நான் போர்டுக்குப் பதில் சொல்ல முடியாதுபா."

அவர் சொன்னது நியாயம். வேறு எந்த நீலமாக இருந்தாலும் நானே காத்திருந்திருப்பேன். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கிணற்றடியில் விழுந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமான வெளிச்சமாக இருந்தது. மலையில் மேகம் ஏறியபோது இருந்த அதே வெளிச்சம். அந்தச் சரிவு எனக்கு முழு நீலமாகத் தெரிந்தது வெயிலில் இல்லை, மேகத்தின் கீழேதான். அப்படியென்றால் இந்த நிறத்தைச் சரிபார்க்க எனக்கு வேண்டியது மழை வெளிச்சம்தான். வெயில் வந்தால்தான் நான் ஏமாறுவேன்.

"அடுப்ப ஏத்துங்கபா" என்றேன்.

கொப்பரை சூடேறியது. பட்டு நூல் கழிகளைக் கோலில் கோத்து இறக்கினோம். என்னோடு இருந்த இரண்டு பேர் இரு பக்கமும் நின்று கோலைப் புரட்ட, நான் நடுவில் நின்றேன். நீலம் பட்டில் ஏறத் தொடங்கியது. உங்களுக்குத் தெரியும், ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணெதிரே ஓடும். எடுத்துவிட்டால் மறுபடி இறக்கி இன்னும் ஏற்றலாம். ஆனால் திட்டுத் திட்டாகப் போகும். அதிகம் ஏறிவிட்டால் இறக்க வழியில்லை. ஈரப்பட்டு எப்போதும் கருப்பாகக் காட்டும். எவ்வளவு கருப்பு பொய், எவ்வளவு மெய் என்பதுதான் தொழில்.

ஒரு இழையைப் பிடுங்கி, வேட்டியில் அழுத்தி, அடுப்பின் அனலில் காட்டிக் காயவைத்தேன். பாவிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு இழையோடு சேர்த்து முறுக்கி, கையை நீட்டி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். வரவில்லை. மறுபடி ஓர் இழை. மறுபடி ஒன்று.

நான்காவது இழையை நீட்டிப் பிடித்தபோது, கழி புரட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "மேஸ்திரி, வெளுப்பா இருக்குது. இன்னும் கொஞ்சம் ஏறணும்."

செயலாளரும் குனிந்து பார்த்தார். "ஆமாபா, இது இன்னா, பள்ளிக்கூடத்துப் பையன் சொக்கா நீலம். இன்னும் ரெண்டு புரட்டு புரட்டு."

தனி இழையாகப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. அதைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மேட்டில் நின்று பார்த்தவன் அந்தப் பட்டறையில் நான் ஒருவன்தான். முதல் தடவை நானே பெரியவன் என்று நினைத்ததால் தவறினேன்; இந்தத் தடவையும் அதே திமிர்தானா என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணை மூடினேன். சரிவு வந்தது. திறந்தேன்.

"எடுங்க" என்றேன்.

"மேஸ்திரி..."

"எடுத்துருங்கபா. இப்பவே."

கழிகள் மேலே வந்தன. தண்ணீரில் அலசிக் காயப்போட்டாகிவிட்டது. செயலாளர் குடையை விரித்துக்கொண்டு போனார். அந்த நடையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்.

காய்ந்த நூலைத் தார்க்குச்சியில் சுற்றி நானே ஏகாம்பரத்திடம் எடுத்துப் போனேன். அவர் வாங்கிக்கொண்டார். தறிக்குழியில் இறங்கினார். ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடியது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. நான் பின்னால் நின்றேன். அவர் தலையை இடது பக்கம் சாய்த்தார். வலது பக்கம் சாய்த்தார். மறுபடி இடது.

"எப்டி இருக்குது?" என்று கேட்டேன்.

"நவுந்து நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."

அதற்கப்புறம் அவர் விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவில்லை. பாராட்டு என்றால் அதுதான். உங்களுக்கும் நல்ல நெசவாளர்கள் இப்படித்தான் பாராட்டுவார்கள், பழகிக்கொள்ளுங்கள்.

புடவை நேரத்துக்கு முடிந்தது. மடிப்பில் இருக்கும்போது இளம் ஊதா. பிரித்துத் தூக்கினால் அதற்குள்ளிருந்து நீலம் எழும். கடைக்காரர்கள் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்டார்கள். அந்த மழைக்காலம் முழுக்கப் பல தறிகளுக்கு அந்த நிறம் வேலை கொடுத்தது. மதராஸில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்து விற்றார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. எங்கள் சாயப் பதிவேட்டில் நான் எழுதியது இதுதான்: "முதல் சாயம் தவறு. தவறு மேஸ்திரியுடையது. ஊடை மாற்றிச் சரிசெய்யப்பட்டது." கீழே என் கையெழுத்து. செயலாளர் முதல் இரண்டு வாக்கியத்தை அடித்துவிடச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். பின்னால் வருகிறவன் அந்த நிறத்தைத் தேடி அந்தப் பக்கத்தைத் திருப்பும்போது, அது எப்படி வந்தது என்றும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. ஏகாம்பரம் வரமாட்டேன் என்றார். "தறிய வுட்டுட்டு மலையில எனக்கின்னா வேல?" என்றார். புறப்படும் அன்று புதுச் சட்டையோடு பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மலை ஏறியபோது எனக்குத் திக்கென்றது. சரிவு பழுப்பாகிவிட்டது. குறிஞ்சி பூத்து முடிந்தால் செடியும் காய்ந்து போகும் என்பது எனக்குத் தெரியாது. போன தடவை பார்த்த நீலம் ஓரிடத்திலும் இல்லை. குச்சி குச்சியாக மலை நின்றது. ஏகாம்பரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதப் பாக்கவா லீவு போட்டுட்டு வந்த?" என்று கேட்டார்.

கோயில் மேட்டின் மேல் இருந்தது. கல்யாணம் முடிந்து, மாலையும் கழுத்துமாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் பழுப்புச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்தார்கள். நாங்கள் கீழே, பந்தியருகில் நின்றோம். மேகம் கொஞ்சம் கவிந்திருந்தது. தூரத்தில் முதலில் ஆள் தெரியவில்லை, நீலம்தான் தெரிந்தது. அந்த மலை முழுவதிலும் அது ஒன்றுதான் நீலம். கீழே இறங்க இறங்க அது ஊதாவாக மாறிக்கொண்டே வந்தது. ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஏகாம்பரம் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்: "இருவத்தஞ்சு வருசமா நெய்யறேன் மேஸ்திரி. நான் நெய்ஞ்ச பொடவைய ஒரு பொண்ணு கட்டிக்கினு நிக்கிறத இப்பதான் பாக்கறேன்." நெய்வது பெரும்பாலும் கடைக்குப் போகும், கடையிலிருந்து எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

பெருமாள் மகளையும் மருமகனையும் நேராக எங்களிடம் கூட்டிவந்தார். "இவுக ரெண்டு பேரு கால்லயும் விழுந்து கும்புடுங்கப்பா" என்றார்.

அவள் குனியப் போனாள். ஏகாம்பரம் பதறி இரண்டடி பின்னால் போனார். "வேணாம்மா, வேணாம். பொடவ மண்ணுல படும்."

"பட்டாப் படட்டும்ண்ணே" என்றாள் அவள். "எங்க மண்ணுதானே."

அவள் குனிந்தாள். அவள் எழுந்திருக்கும் வரை நாக்கு நீண்ட அந்த மனிதர் இரண்டு கையையும் அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடியே நின்றார்.

அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. போய் உங்கள் கொப்பரையைப் பாருங்கள். பேசிக்கொண்டே இருந்ததில் தண்ணீர் கொதித்திருக்கும்.